மூச்சுக்கு மூன்று நிமிடம்

1924 ஜூன் 4. எவரெஸ்ட் மலையில் சுமார் 28,000 அடி உயரம். ஆக்சிஜன் உருளை இல்லாமல் ஏறிப்போன தியோடர் ஹோவர்ட் சாமர்வெல் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் அதற்கு மேல் ஓரடி வைக்க முடியாமல் திரும்பினார். இறங்கும் வழியில் தொண்டையை ஏதோ அடைத்துக்கொண்டது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. முன்னால் போய்க்கொண்டிருந்த தோழர் நார்ட்டனைக் கூப்பிடக் குரல் எழவில்லை. இனி முடிந்தது என்று பனியில் உட்கார்ந்துவிட்டார். கடைசி முயற்சியாக இரண்டு கைகளாலும் நெஞ்சை ஓங்கி அழுத்தினார். அடைத்துக்கொண்டிருந்தது பிய்ந்து வெளியே வந்து விழுந்தது. அது கடுங்குளிரில் கருகி உரிந்த அவருடைய குரல்வளையின் உள்தோல். பிறகுதான் மூச்சு வந்தது.

இந்த மனிதர் மலை ஏறாத நாட்களில் வேலை பார்த்த இடம் தென் திருவிதாங்கூரின் நெய்யூர். 1922-ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், லண்டன் மிஷன் ஆஸ்பத்திரியின் வாசலில் காத்துக் கிடந்த கூட்டத்தையும், உள்ளே ஒற்றை ஆளாகத் திணறிக்கொண்டிருந்த மருத்துவரையும் கண்டு இங்கேயே தங்க முடிவு செய்தார். அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் தென் திருவிதாங்கூர் மக்களின் வயிற்றைத் திறந்து மூடுவதுதான் அவர் வாழ்க்கை. அவர் பெயரைத் தாங்கிய சி.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி இன்று நெய்யாற்றின்கரை வட்டத்தின் காரக்கோணத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி நிற்கிறது. பாறசாலை, களியக்காவிளை, வெள்ளறடை, குன்னத்துக்கால் என்று எல்லையின் இரு பக்கத்துக் கிராமங்களிலும் தமிழும் மலையாளமும் ஒரே வீட்டுக்குள் புழங்கும். நோயாளிகள் மாநிலக் கோட்டைப் பார்த்து ஆஸ்பத்திரி போவதில்லை. பாறசாலை தாலுகா ஆஸ்பத்திரி, நெய்யாற்றின்கரை ஜெனரல் ஆஸ்பத்திரி, திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ், இந்தப் பக்கம் ஆசாரிபள்ளம் என்று எது பக்கமோ, எங்கே தெரிந்தவர் இருக்கிறாரோ அங்கே போவார்கள்.

சாமர்வெல் காலத்தில் இந்த வட்டாரத்தின் பெரிய வயிற்றுநோய் குடற்புண். வறுமையில் அரிசியும் மரச்சீனிக் கிழங்குமே சாப்பாடு. விசாகம் திருநாள் மகாராஜா 1880-களில் பஞ்சத்துக்கு மாற்றாகப் பரப்பிய மரச்சீனி, 1942-இல் பர்மா அரிசி நின்றபோது திருவிதாங்கூரின் உயிரையே காப்பாற்றியது. ஆனால் அதை மட்டும் தின்று வாழும் வயிறு புண்ணாகிறது என்று அன்றைய மருத்துவர்கள் கருதினார்கள். குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன், திருவிதாங்கூர் ஏழைகளின் சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்து, அவற்றில் பலவற்றுக்குப் புண் வந்ததைக் காட்டினார். கிருமியொன்றுக்கும் இந்தப் புண்ணுக்கும் உள்ள தொடர்பு 1982-க்குப் பிறகுதான் தெரியவந்தது. சாமர்வெல் காலத்தில் பெரும்பாலும் கத்திதான் மருந்து. இரைப்பையைச் சிறுகுடலோடு நேரடியாக இணைத்துவிடும் அறுவையைச் சாமர்வெல் ஆயிரக்கணக்கில் செய்தார்.

அந்த அறுவையின் வம்சம் வேறொரு திசையில் கிளைத்தது. 1881-இல் வியன்னாவில் ஆண்டன் வோல்ஃப்லர் முதலில் செய்து காட்டிய இணைப்பு அது. 1960-களில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்ற அறுவை மருத்துவர், புண்ணுக்காக இரைப்பையில் ஒரு பகுதியை வெட்டி எடுத்த பெண்கள் மெலிந்துபோவதையும், மறுபடி சதை போட முடியாமல் தவிப்பதையும் கவனித்தார். மெலிவதே வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதையே செய்தால் என்ன? 1966-இல் செய்தார். இன்று உலகெங்கும் நடக்கும் இரைப்பை மாற்றுவழி அறுவையின் தொடக்கம் அதுதான். பட்டினிப் புண்ணுக்கு வந்த கத்தி, பருமனுக்கு மருந்தானது.

சாமர்வெல்லின் வட்டாரத்திலும் வயிறு மாறிவிட்டது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட கேரளப் பெண்களில் 38.1 விழுக்காட்டினர் எடை மிகுந்தவர்கள். தமிழ்நாட்டில் இது 40.4. ஆண்கள் 36.4, 37.0. நாட்டின் சராசரி நான்கில் ஒருவருக்கும் குறைவு. எல்லைக் கோட்டின் எந்தப் பக்கம் நின்றாலும் பத்தில் நான்கு பெண்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இவர்களில் பெரும்பாலோர் லேசான பருமன் உள்ளவர்கள். இங்கே பேச வேண்டியது அதற்கு மேலே இருப்பவர்களைப் பற்றி. எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து, உயரத்தை உயரத்தாலேயே பெருக்கி, எடையை அதனால் வகுத்தால் வருவது பிஎம்ஐ. உலகக் கணக்கில் 30-க்கு மேல் பருமன். தெற்காசிய உடலில் கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேர்வதாலும், சர்க்கரை நோய் சீக்கிரம் வருவதாலும் இந்திய மருத்துவர்கள் 25-லிருந்தே பருமன் என்கிறார்கள். 40-ஐத் தாண்டினால் கடும் பருமன். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ கூட இருந்தால் 35-லேயே அதே கவனம் வேண்டும். ஓர் உதாரணத்துக்கு, 155 சென்டிமீட்டர் உயரமும் 112 கிலோ எடையும் கொண்ட 52 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பிஎம்ஐ 46.6. பித்தப்பையில் கல். மூன்று முறை வலி வந்து துடித்துவிட்டார். எடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வீட்டில் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இந்த உடம்பு தாங்குமா?"

கேள்வி நியாயமானது. ஆனால் பயப்படுகிற இடம் தவறு. கத்தி படும் இடத்தைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். கடும் பருமன் உள்ளவருக்கு ஆபத்து அதிகம் இருப்பது கத்தி படுவதற்கு முந்தைய சில நிமிடங்களிலும், தையல் போட்டு வார்டுக்கு வந்த பிறகான சில நாட்களிலும். இரண்டும் தயாரிப்பால் பெருமளவு குறைக்கக்கூடிய ஆபத்துகள். அதனால்தான் இதை விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் மூச்சு. ஒரு மூச்சை வெளியே விட்ட பிறகும் நுரையீரலுக்குள் கொஞ்சம் காற்று மிச்சம் இருக்கும். குடத்துத் தண்ணீர் தீர்ந்தாலும் அடியில் கிடக்கும் ஊறல் மாதிரி. அடுத்த மூச்சு வரும்வரை ரத்தம் அதிலிருந்துதான் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. பருமனான வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது, நெஞ்சின் மேல் உள்ள சதை விலா எலும்புகளை அழுத்துகிறது. ஆகவே அந்த ஊறல் ஏற்கெனவே குறைவு. மல்லாக்கப் படுத்தால் இன்னும் குறையும். மயக்க மருந்து கொடுத்துத் தசைகளைத் தளர்த்தியதும், சாதாரண உடலில் அது சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. கடும் பருமனில் பாதியாகிவிடுகிறது. செலவோ அதிகம். 112 கிலோ உடலுக்கு 60 கிலோ உடலைவிட ஆக்சிஜன் கூடுதலாக வேண்டும். இருப்புக் குறைவு, செலவு அதிகம்.

இதன் விளைவை நிமிடத்தில் சொல்லலாம். மூச்சுக்குழாய்க்குள் குழாய் இறக்குவதற்காக மயக்க மருத்துவர் நோயாளியின் சுவாசத்தைச் சிறிது நேரம் நிறுத்துகிறார். முன்கூட்டியே முழு ஆக்சிஜன் கொடுத்திருந்தால், ஆரோக்கியமான ஒருவருக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் 90 விழுக்காட்டுக்குக் கீழே இறங்க ஏறத்தாழ எட்டு நிமிடம் ஆகும். கடும் பருமன் உள்ளவருக்கு மூன்று நிமிடம்கூட இல்லை. அந்த நேரத்துக்குள், தடித்த கழுத்துக்கும் நாக்கின் பின்பகுதிச் சதைக்கும் நடுவே, குரல்வளை வாயைக் கண்டுபிடித்துக் குழாயை இறக்கியாக வேண்டும்.

பிரிட்டனின் மயக்க மருத்துவர்கள் கல்லூரி நாடு முழுக்க நடத்தி 2011-இல் வெளியிட்ட தணிக்கை இதை உறுதிப்படுத்தியது. மூச்சுவழி தொடர்பான கடுமையான விபத்துகள் பருமனானவர்களுக்கு இரண்டு மடங்கும், கடும் பருமன் உள்ளவர்களுக்கு நான்கு மடங்கும் அதிகம் நடந்திருந்தன. தொண்டை அடைத்த சாமர்வெல்லுக்குத் தன் கையால் தன் நெஞ்சை அழுத்தும் நினைவாவது இருந்தது. மயக்கத்தில் இருப்பவருக்கு அதுவும் கிடையாது. அவருக்காக இன்னொருவர்தான் மூச்சைக் காக்க வேண்டும்.

நல்ல மயக்க மருத்துவர் இந்த மூன்று நிமிடத்தை எப்படி நீட்டுகிறார் என்பதைத் தியேட்டருக்குள் நின்று பார்த்தால், பெரிய இயந்திரம் எதுவும் கண்ணில் படாது. தலையணைகள்தான். மேசையில் ஏறிய உடனே நோயாளியின் தோளுக்கும் தலைக்கும் கீழே மடித்த விரிப்புகளும் தலையணைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. அடுக்கி முடிந்ததும் பக்கவாட்டில் குனிந்து பார்க்கிறார்: காதின் துளையும் மார்பெலும்பின் மேல்நுனியும் ஒரே கிடைமட்டக் கோட்டில் இருக்க வேண்டும். மேசையின் தலைப்பக்கம் சுமார் 25 டிகிரி உயர்கிறது. வயிற்றின் பாரம் கீழே சரிகிறது. முகத்தில் மாஸ்க் இறுக்கமாகப் பொருத்தி, "நல்லா மூச்சு இழுங்க அம்மா, மெதுவா" என்று சில நிமிடங்கள் ஆக்சிஜன் கொடுக்கிறார். விரலில் மாட்டிய கிளிப் டிக் டிக்கென்று ஒலிக்கிறது. ஆக்சிஜன் குறையக் குறைய அந்த ஒலியின் சுருதி இறங்கும். திரையைப் பார்க்காமலே அறையில் உள்ள எல்லோருக்கும் அது கேட்கும். தலையை உயர்த்தி வைப்பது மட்டுமே முக்கால் நிமிடம்போல் கூட்டித் தருகிறது. மூன்று நிமிடக் கணக்கில் முக்கால் நிமிடம் சின்ன விஷயமல்ல.

இந்தத் தயாரிப்பு உண்மையில் பல நாட்களுக்கு முன், அனஸ்தீசியா டாக்டரின் ஓ.பி.யில் தொடங்குகிறது. அங்கே கேட்கப்படும் கேள்விகளில் மிக முக்கியமானதை நம் வீடுகளில் யாரும் நோயாகவே நினைப்பதில்லை. குறட்டை. சத்தமாகக் குறட்டை விட்டு, நடுவே மூச்சு நின்று, திடுக்கிட்டு எழுந்து மறுபடி தூங்குகிறார் என்றால், அது தூக்கத்தில் மூச்சுத் தடை. கடும் பருமன் உள்ளவர்களில் மிகப் பலருக்கு இது இருக்கிறது. அதில் பெரும்பாலோருக்கு அது தெரியாது. டொரன்டோவின் ஃபிரான்சிஸ் சங்கும் சக மருத்துவர்களும் 2008-இல் இதற்காகவே எட்டுக் கேள்விகள் அடங்கிய ஒரு பட்டியலைத் தயாரித்தார்கள். குறட்டை, பகல் சோர்வு, தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்தார்களா, ரத்த அழுத்தம், எடை, வயது, கழுத்துச் சுற்றளவு, ஆணா பெண்ணா. ஒரு டேப்பும் இரண்டு நிமிடமும் போதும். மூச்சு நிற்பதைப் பார்த்தவர் பெரும்பாலும் பக்கத்தில் படுப்பவராக இருப்பார் என்பதால், கணவனோ மகளோ கூடப் போவது நல்லது.

ஏன் இது இவ்வளவு முக்கியம்? மயக்கம் தெளிந்த பிறகு வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் வகை மருந்துகள் தொண்டைத் தசையைத் தளர்த்தி மூச்சு உந்துதலைக் குறைக்கும். குறட்டைக்காரருக்கு முதல் இரவு அதனால்தான் ஆபத்து. முன்கூட்டித் தெரிந்தால் அந்த மருந்தைக் குறைத்து, பாராசிட்டமாலும் நரம்பை மரக்கவைக்கும் ஊசியும் கொடுத்து, தலையை உயர்த்தி வைத்து, தேவைப்பட்டால் மூக்கில் காற்றழுத்த இயந்திரம் மாட்டி, கிளிப்பைக் கழற்றாமல் கவனிப்பார்கள். மருந்தின் அளவே இங்கே தனிக் கணக்கு. சில மருந்துகளை முழு எடைக்கும், சிலவற்றைக் கொழுப்பைக் கழித்த எடைக்கும் கணக்கிட வேண்டும். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டைகூடச் சரியான அளவில் வேண்டும். பெரிய கையில் சின்னப் பட்டையைச் சுற்றினால் இல்லாத ரத்த அழுத்தத்தைக் காட்டும், அதற்கு மாத்திரையும் எழுதிவிடுவார்கள்.

வெறும் வயிறு என்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. கெட்டிச் சாப்பாட்டுக்கு ஆறு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். சுத்தமான தண்ணீரைப் பொதுவாக இரண்டு மணி நேரம் முன்புவரை குடிக்கலாம். கஞ்சித் தண்ணியைத் தண்ணீர் என்று நினைத்துக் குடித்துவிட்டு வருபவர்கள் உண்டு. அது சாப்பாட்டுக் கணக்குதான். 2025-இல் இந்தியச் சந்தைக்கு வந்த மவுஞ்சாரோ, வெகோவி போன்ற எடைக் குறைப்பு ஊசிகள் இதில் புதிய சிக்கலைக் கொண்டுவந்திருக்கின்றன. அவை இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. ராத்திரி சாப்பிட்டது காலையிலும் உள்ளே இருக்கலாம். மயக்கத்தில் அது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. ஊசி போடுவதை மருமகளிடம்கூடச் சொல்லாமல் வைத்திருப்பவர்கள் உண்டு. மயக்க மருத்துவரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும். அவர் ஊசியைத் தள்ளிப்போடச் சொல்லலாம், அல்லது முந்தைய நாள் முழுக்க நீராகாரம் மட்டும் எடுக்கச் சொல்லலாம்.

புண் ஆறுவது அடுத்த கவலை. தோலுக்குக் கீழே உள்ள தடித்த கொழுப்பில் ரத்த ஓட்டம் குறைவு. ரத்தம் போகாத இடத்துக்கு ஆக்சிஜனும் ஆன்டிபயாடிக்கும் வெள்ளணுக்களும் போவதில்லை. வெட்டிய இடத்தில் நீர் தேங்கும், கிருமி கூடு கட்டும். சர்க்கரையும் சேர்ந்தால் இன்னும் மோசம். இதற்கும் வழிகள் உள்ளன. கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் போடும் செஃபசோலின் ஊசி வழக்கமாக 2 கிராம். 120 கிலோவைத் தாண்டினால் 3 கிராம். சிசேரியனில் கொழுப்புப் படலம் 2 சென்டிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் அதற்கும் தனியாகத் தையல் போட்டால் புண் பிளப்பது குறைகிறது. கேரளத்தில் நூற்றுக்கு 38.9, தமிழ்நாட்டில் 44.9 பிரசவங்கள் சிசேரியன் என்கிறது அதே குடும்பநலக் கணக்கெடுப்பு. பருமனும் கத்தியும் நம் பெண்களைச் சந்திக்கும் முதல் இடம் பெரும்பாலும் அந்தப் பிரசவ மேசைதான். அவசரமில்லாத அறுவை என்றால் மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கை 8-க்குக் கீழே கொண்டுவந்த பிறகு, பீடி சிகரெட்டை நான்கு வாரம் முன்பே நிறுத்திய பிறகு மேசைக்குப் போவது பலன் தரும். நம் உதாரணப் பெண்ணுக்குப் பித்தப்பையைச் சிறு துளைகள் வழியாக எடுத்தால், பெரிய கீறலே இல்லாததால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி கழிந்துவிடும். பருமன் உள்ளவருக்கு லேப்ராஸ்கோப்பி செய்ய முடியாது என்று இன்றும் ஊரில் சொல்கிறார்கள். நிலைமை நேர்மாறு, அதிகம் பயன்பெறுவது அவர்கள்தான்.

இனி வார்டு. இங்கேதான் ஊர் வழக்கத்துக்கும் அறிவியலுக்கும் நேரடி மோதல்.

அறுவை முடிந்த மறுநாள் காலை இந்த வட்டாரத்தில் எந்த ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டிலும் கேட்கக்கூடிய உரையாடல் இது. சிஸ்டர் வந்து, "எழும்புங்கோ அம்மா, ரெண்டடி நடக்கணும்" என்பார். பக்கத்தில் இருக்கும் பெரியம்மாவுக்கு ஆற்றாது. "சிஸ்டரே, நேத்துதானே வயித்தைக் கீறினாவ? அவ கொஞ்சம் அனங்காம கிடக்கட்டு." அனங்காமல், அதாவது அசையாமல், கிடப்பது என்றால் இங்கே ஒரு பராமரிப்பு முறை. பிரசவத்துக்குப் பிறகான ரட்சையில் நாற்பது நாளும் அதற்கு மேலும் படுக்க வைத்து, எண்ணெய் தேய்த்து, லேகியம் கொடுத்துப் பழகிய அன்பு அது. அந்த அன்பை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் பெரியம்மா அறியாத ஒன்று அந்தப் பெண்ணின் கெண்டைக்காலுக்குள் நடந்துகொண்டிருக்கும்.

காலிலிருந்து ரத்தம் மேலேறுவது கெண்டைக்கால் தசை அழுத்தி அழுத்தித் தள்ளுவதால். நடக்காவிட்டால் அந்தப் பம்பு நிற்கிறது. பருமனான வயிறு இடுப்பு ரத்தக்குழாய்களை அழுத்துவதால் ஓட்டம் ஏற்கெனவே மந்தம். அறுவையின் காயத்தால் ரத்தம் உறையும் தன்மையும் கூடியிருக்கிறது. மூன்றும் சேர்ந்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியாக உறைகிறது. பெரும்பாலும் வலியோ வீக்கமோ காட்டாது. ஐந்தாம் நாளோ பத்தாம் நாளோ அந்தக் கட்டி பெயர்ந்து, இதயம் வழியாகப் போய் நுரையீரல் தமனியை அடைத்துவிடும். "ஆப்பரேஷன் நல்லாத்தான் முடிஞ்சுது, குளிமுறிக்குப் போனவ விழுந்துட்டா" என்று ஊரில் சொல்லும் கதைகளில் பலவற்றுக்கு இதுதான் காரணமாக இருக்கும்.

அதனால்தான் மறுநாள் காலையிலேயே எழுப்புகிறார்கள். வயிற்றுத் தோலில் போடும் ரத்தம் உறையாமல் காக்கும் சிறு ஊசி, காலில் மாட்டும் இறுக்கக் காலுறை, மாறி மாறி அழுத்தும் காற்றுப்பை, எல்லாம் இதற்குத்தான். டிஸ்சார்ஜ் ஆன பிறகும் சில வாரங்கள் அந்த ஊசியைத் தொடரச் சொல்வதுண்டு. வீடு திரும்பியதும் "இனி எதுக்கு ஊசி" என்று நிறுத்துவது மிகப் பெரிய தவறு.

நுரையீரலுக்கும் இதே வேலை உண்டு. கட்டில் பக்கத்து மேசையில் மூன்று பந்துகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவி இருக்கும். வாயில் குழாயை வைத்து உள்ளே இழுத்தால் பந்து மேலே எழும்பும். முதல் பந்து எளிதில் எழும்பும். இரண்டாவதுக்குக் கொஞ்சம் பலம் வேண்டும். மூன்றாவது எழும்ப நெஞ்சு முழுக்க விரிய வேண்டும், தையல் வலிக்கும். ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இழுத்தால் வலி குறையும். படுத்தே கிடப்பவரின் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கி ஒட்டிக்கொண்டு, அங்கே சளி தேங்கி நிமோனியா வரும். அந்தப் பகுதியைத் திறந்து வைப்பதுதான் பந்தின் வேலை. மணிக்குப் பத்துத் தடவை இழுக்கச் சொல்வார்கள். பேரப்பிள்ளைகள் எடுத்து விளையாடிக்கொண்டிருப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

டென்மார்க்கின் ஹென்ரிக் கேலெட் 1990-களில் இந்த எண்ணங்களை எல்லாம் ஒரு முறையாகத் தொகுத்தார். சீக்கிரம் நடக்க வை, சீக்கிரம் வாய்வழி உணவு கொடு, தேவையில்லாத குழாய்களை எடு, மார்ஃபினைக் குறை. இதனால் நோயாளிகள் சீக்கிரம் வீடு போனார்கள், சிக்கல்களும் குறைந்தன. பருமன் உள்ளவர்களுக்கு இந்த முறை மற்றவர்களைவிட அதிகம் தேவைப்படுகிறது.

இவ்வளவு ஆபத்துகளைக் கேட்டதும், எடையைக் குறைத்துவிட்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்புவதே பாதுகாப்பு என்று தோன்றலாம். பல இடங்களில் அப்படித்தான் அனுப்புகிறார்கள். எல்லா அறுவைக்கும் அது பொருந்தாது. முழங்கால் மூட்டு மாற்றம் போன்றவற்றில், பிஎம்ஐ 40-க்கு மேல் கிருமித்தொற்று அதிகம் என்பதால் முதலில் எடையைக் குறைக்கச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் குடலிறக்கமும் பித்தப்பைக் கல்லும் காத்திருப்பதில்லை. எடை குறையட்டும் என்று இரண்டு வருடம் தள்ளிப்போட்டு, குடல் சிக்கி அழுகிய பிறகு நள்ளிரவில் அவசரமாக மேசைக்கு வருவதில் ஆபத்து பல மடங்கு. அவமானத்துக்குப் பயந்து டாக்டரிடம் போகாமலே இருப்பவர்கள் இன்னொரு பக்கம். எடை மேடையில் ஏறியதும் வாயைத் திறந்து திட்டும் மருத்துவரிடம் அடுத்த தடவை அந்த நோயாளி வரவே மாட்டார். இதைச் சொல்லும்போது கோபம் வராமல் இருப்பது கடினம். அந்த எடை சோம்பலின் அடையாளம் இல்லை. மரபணுவும், மலிந்த பொரிப்பும், சர்க்கரையும், குறைந்துபோன உடலுழைப்பும் சேர்ந்து கட்டியது அது.

எண்களும் பயத்தை ஓரளவு தணிக்கின்றன. அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பொது அறுவை நோயாளிகளை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்ட முடிவில், சாவு மிக அதிகம் இருந்தது இரண்டு ஓரங்களில்: மிக மெலிந்தவர்களிடமும், மிகக் கடும் பருமன் உள்ளவர்களிடமும். நடுத்தரப் பருமன் உள்ளவர்களிடம் குறைவு. புண் கெடுவது மட்டும் எடையோடு சேர்ந்து ஏறியது. கடும் பருமனுக்கே செய்யும் அறுவையில், அதே ஆண்டு வெளியான பத்து மையங்களின் ஆய்வில் 4,776 பேரில் முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் 0.3 விழுக்காடு. நல்ல குழு, பழகிய கைகள், சரியான கருவிகள் இருக்கும் இடத்தின் எண் அது.

இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கும் நம் பக்கத்திலேயே சாட்சி உண்டு. 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகர்த் தனியார் மருத்துவமனை ஒன்றில் எடை குறைப்பு அறுவைக்கு வந்த இளைஞர் இறந்தார். அரசு விசாரணை நடத்தி மருத்துவமனையின் உரிமத்தைத் தற்காலிகமாக நிறுத்தியது. 2025-இல் திருவனந்தபுரத்தில் வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் சிகிச்சைக்குப் போன இளம்பெண் ஒருவர், பிறகு வந்த தொற்றால் கைகால்களில் ஒன்பது விரல்களை இழந்தார். கொழுப்பை உறிஞ்சுவது அழகு சிகிச்சை; பருமன் என்ற நோய்க்கு அது மருந்தே இல்லை. விளம்பரம் இரண்டையும் ஒன்றாகக் காட்டுகிறது. அறுவைக்குச் சம்மதிக்கும் முன் கேட்க வேண்டியவை எளியவை. இரவு முழுக்க மயக்க மருத்துவர் இருப்பாரா? ஐ.சி.யூ. உள்ளேயே இருக்கிறதா? மேசை எத்தனை கிலோ தாங்கும்? மாதத்துக்கு எத்தனை பேருக்குச் செய்கிறார்கள்? இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கும் இடத்தை விட்டுவிடுவதே நல்லது.

நம் உதாரணப் பெண்ணுக்குப் பித்தப்பை எடுத்து நலமான பிறகு, எடைக்கான அறுவையையும் யோசிக்கலாமா என்று மருத்துவர் கேட்கக்கூடும். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி, மிச்சத்தை வாழைக்காய்போல் ஒரு குழாயாக்குவது ஒரு வகை. மேசன் வழியில் சிறு பையாக்கிக் குடலோடு இணைப்பது இன்னொன்று. சுவீடனில் 1987-இல் தொடங்கி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அறுவை நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஆய்வு, அறுவை செய்யாதவர்களைவிட அவர்களிடம் சாவு நான்கில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்ததை 2007-இல் காட்டியது. காப்பீடும் ஓரளவு கைகொடுக்கிறது. பிஎம்ஐ 40, அல்லது 35-ஓடு கடுமையான துணைநோய், 18 வயது, மருத்துவர் பரிந்துரை, மற்ற வழிகள் பலிக்காமல் போனது ஆகிய நிபந்தனைகள் பொருந்தினால் பருமன் என்பதைக் காரணம் காட்டித் தள்ளக் கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி.

ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு கண்காணிக்க வேண்டியது சாதாரண அறுவையைப்போல் இல்லை. தையல் போட்ட கோட்டில் எங்காவது கசிவு ஏற்பட்டால், கொழுப்புத் தடித்த வயிறு வெளியே எதையும் காட்டாது; தொட்டுப் பார்த்தால் மெத்தென்றே இருக்கும். முதல் அடையாளம் நாடி. ஓய்வாக இருக்கும்போதே நிமிடத்துக்கு 120-க்கு மேல் துடித்து அடங்காமல் இருந்தால், காய்ச்சலோ தோள்வலியோ இல்லாவிட்டாலும் அந்த நிமிடமே அறுவை செய்த ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். எல்லைக் கிராமத்திலிருந்து தூரத்து நகரத்தில் அறுவை செய்துகொள்பவர்கள், இந்த ஒரு எண்ணையும் அங்குள்ள ஒரு போன் எண்ணையும் சுவரில் எழுதி வைப்பது நல்லது. ஓயாமல் வாந்தி வந்தால் பி1 வைட்டமின் தீர்ந்து நினைவே தடுமாறலாம். அங்கும் காத்திருக்கக் கூடாது. வேகமாக எடை குறையும்போது பித்தப்பைக் கல் உருவாவதும் வழக்கம். நம் பெண்ணுக்கு அந்தக் கவலை மட்டும் இல்லை, பித்தப்பையே இல்லை.

பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றுக்கு வாழ்நாள் முழுக்க மாத்திரையும் வருடாந்தர ரத்தப் பரிசோதனையும் வேண்டும். முதல் இரண்டு வாரம் நீராகாரம், பிறகு மசித்தது, ஒரு மாதம் தாண்டி மெதுவாக வீட்டுச் சாப்பாடு. இரைப்பை இப்போது ஒரு கைப்பிடி. அதில் முதலில் புரதம் போக வேண்டும், இல்லாவிட்டால் எடையோடு தசையும் கரைந்துவிடும், முடி கொட்டும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, அரை மணி கழித்துத்தான். ஆகவே தட்டின் வரிசையே மாறிவிடுகிறது. முன்பெல்லாம் மரச்சீனி மலையாகக் குவிந்திருக்கும், மீன்கறி அதன் மேல் ஊற்றப்படும். இப்போது சின்னக் கிண்ணத்தில் முதலில் மீன், எண்ணெயில் பொரிக்காமல் வேகவைத்த இரண்டு துண்டு. நன்றாக மென்று, இருபது நிமிடம் எடுத்துக்கொண்டு. பிறகு கொஞ்சம் பயறு. கடைசியில் இடம் இருந்தால், மசித்த மரச்சீனி ஒரு ஸ்பூன்.